பேரை மட்டும் மறைத்தார்கள்

கும்மிடிப்பூண்டியில் லாரிக் கடன் கொடுக்கும் ஒரு பேங்கில் வேலை செய்தேன். பெருக்குவது, துடைப்பது, டீ போடுவது. காண்டிராக்ட் வேலை. எளாவூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதியம் கதவைச் சாத்தின பிறகு, ஊரில் உள்ள மற்ற பேங்க் மேனேஜர்களெல்லாம் எங்கள் மேனேஜர் ரூமுக்கு வருவார்கள். கிளார்க்கைக்கூட உள்ளே விடமாட்டார்கள். நான் மட்டும் போவேன், டீ கொடுக்க. என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்த மாட்டார்கள். நாற்காலியைப் பார்த்து யாராவது பேச்சை நிறுத்துவார்களா.

பேசினது இதுதான். லாரிக்கு எல்லா பேங்கிலும் ஒரே வட்டி. யாரும் குறைக்கக் கூடாது. ஒரு பேங்கில் இல்லை என்று அனுப்பின ஆளை இன்னொரு பேங்க் சேர்க்கக் கூடாது. சிரித்துக்கொண்டே பேசுவார்கள். நடுவில் பிஸ்கட் நமுத்துப் போயிருக்கிறது என்பார்கள்.

அந்தச் சமயம் என் தம்பி பழைய லாரி ஒன்று வாங்க ஒவ்வொரு பேங்காக ஏறி இறங்கினான். எங்கே போனாலும் அதே வட்டி, அதே பதில். "எல்லாம் பேசி வெச்சிக்கினு சொல்ற மாதிரியே கீதுக்கா" என்றான். நான் சோறு போட்டேன்.

பிறகு ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா என் வீட்டுக்கு வந்தார். கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி ஒரே விலை வைத்தால் அதை விசாரிக்கிற அலுவலகமாம். லாரிக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். சொன்னால் என் வேலை போய்விடும் என்றேன்.

"உங்க பேரு வெளிய வராதும்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

சொன்னேன். எங்கள் மேனேஜரைத் தவிர மற்றவர்கள் பேர் எனக்குத் தெரியாது. சர்க்கரை இல்லாத டீக்காரர், சுடுதண்ணி மட்டும் கேட்பவர், ஏடு எடுத்த காபிக்காரர், இப்படித்தான் தெரியும். போட்டோ காட்டினார். இவர் சுடுதண்ணி, இவர் காபி என்று கை வைத்துக் காட்டினேன். யார் என்ன பேசினார் என்றும் சொன்னேன். நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

இதே விஷயத்தைப் பேங்குகளை மேய்க்கிற இன்னொரு அலுவலகமும் தனியாக விசாரித்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் சாட்சி இல்லை. இவர்களிடம் கேட்டார்கள். அந்த அம்மா எனக்குப் போன் செய்து, நான் சொன்னதை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். பேரை மறைத்துத்தான் கொடுப்போம் என்றார். இரண்டும் கவர்மென்ட்தானே, கொடுங்கள் என்றேன்.

மறைத்தார்கள். கறுப்பு மை அடித்து, நன்றாகவே மறைத்தார்கள். என் பேர், ஊர், தெரு எல்லாவற்றையும். டீயை மட்டும் விட்டுவிட்டார்கள்.

குற்றம் சாட்டினால் சாட்சியைக் காட்டிப் பதில் கேட்க வேண்டுமாம். இரண்டாவது அலுவலகம் அந்தக் காகிதத்தை எல்லா பேங்குக்கும் அனுப்பிவிட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். காகிதம் மேஜைமேல் இருந்தது. ஒரு வரியைப் படித்தார். "சுடுதண்ணி மட்டும் கேட்பவர், வட்டியைக் குறைத்தால் நமக்குத்தான் நஷ்டம் என்றார்." தலையைத் தூக்கி, "இத வேற யாரும்மா சொல்லியிருக்க முடியும்?" என்றார்.

மேஜைமேல் இருந்த காலி டீ கிளாஸை எடுத்தேன்.

"தீபாவளிக்குப் பொடவ வாங்கிக் குடுத்தேன். அத நெனச்சிப் பாத்தியா?"

அவர் செய்ததற்கு வெட்கப்படவில்லை. புடவைக்காக என்னை வெட்கப்படச் சொன்னார்.

மதியமே காண்டிராக்ட் சூப்பர்வைசர் போன் செய்தான். "பேங்குக்குப் போவாதக்கா. சிப்காட்ல ஒரு கம்பெனில பாத்ரூம் கழுவுற வேலதான் கீது. வர்றியா?" சம்பளம் குறைவு. போனேன்.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். பேங்குக்கு அனுப்பினது இரண்டாவது அலுவலகத்தின் தப்பு என்றார். அவர்களைக் கேட்டேன். சரியாக மறைத்துக் கொடுக்காதது இவர்கள் தப்பு என்றார்கள். செத்த நாயை இரண்டு வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றி அடுத்தவன் வாசலுக்குத் தள்ளுவார்களே, அப்படி இருந்தது. கம்பெனி பாத்ரூம் நாற்றம் கழுவினால் போகிறது.

கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது அலுவலகம் என்னைச் சென்னைக்கு வரச் சொன்னது. பேர் இல்லாத சாட்சி செல்லாது என்று பேங்க் வக்கீல்கள் சொல்கிறார்களாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம்.

"போவாதக்கா, பேஜாரு" என்றான் தம்பி. "இன்னும் இன்னா மிச்சம் கீது, அத்தயும் புடுங்கவா?"

லீவு போட்டுவிட்டுப் போனேன். ஏசி ரூமில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கவலைப்படாதீர்கள், இந்த முறை உங்கள் பேரைச் சரியாக மறைத்துவிடுவோம் என்று ஆரம்பித்தார்.

"பேர எழுது சார்" என்றேன். "என் பேரு, எங்கப்பா பேரு, ஊரு, எல்லாத்தையும் எழுது. மறைக்கிறதுக்கு இனிமே இன்னா கீது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார். எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னேன். என் அப்பா பேரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. திருத்தச் சொல்லி, கையெழுத்துப் போட்டேன்.