படிவத்தில் இல்லாத என் அம்மா

வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். சேரும்போது இன்சூரன்ஸ் படிவத்தை கிளார்க்கே நிரப்பினார். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு.

கொரோனாவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். தனியார் ஆஸ்பத்திரியில் என் இன்சூரன்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, அம்மா பெயரே இல்லை என்றார்கள். மாமனார், மாமியார் பெயர்தான் இருந்தது. அரசு ஆஸ்பத்திரி வாசலில் அரை நாள் ஆம்புலன்சிலேயே காத்திருந்த பிறகுதான் படுக்கை கிடைத்தது. எப்படியோ பிழைத்துவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்றே கிளார்க் முன்னால் போய் நின்றேன்.

“கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு மாமியா வீடுதானம்மா குடும்பம்?” என்றார்.

“சம்பளத்துல பிடிக்கிறது என் உழைப்புண்ணே. என்னையப் பெத்தவ பேர விட்டுடுறதுக்கு நீங்க யாரு? அத ஏத்தாம நான் மிஷின் பக்கம் போக மாட்டேன்.”

மதியத்துக்குள் பெயர் ஏறியது.

இப்போது புதிதாக எந்தப் பெண் சேர்ந்தாலும், கிளார்க் பேனாவைத் திறப்பதற்குள் நான் கேட்டுவிடுகிறேன்: “ஒங்க அம்மா பேரு என்னத்தா?”