இருபதடி பின்னால்

கல்கத்தா பவானிபூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சுந்தரவல்லி முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்தினாள். எந்த ஊரில் சூரியன் முன்னால் உதிக்கும், எந்த ஊரில் பின்னால் உதிக்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வங்காளத்துப் பெண்கள் அவளை வல்லி-தி, அதாவது வல்லி அக்கா, என்று கூப்பிட்டார்கள். அவள் ஒருத்தியையும் அடித்ததில்லை, ஒருத்தியையும் சும்மா விட்டதும் இல்லை. ஓய்வு பெற்று, இனிக் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்த நாலாவது மாதம் புருஷனுக்கு நெஞ்சு வலி வந்தது.

புருஷன் ஸ்ரீனிவாசராகவன் துறைமுக ஆபீசில் வேலை பார்த்தவர். நடைப் பைத்தியம். லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து தினமும் நகர நடுவிலுள்ள பெரிய மைதானத்தின் குறுக்கே நடந்தே ஆபீசுக்குப் போனவர். நெஞ்சு வலியும் அவருக்கு நடக்கும்போதுதான் வந்தது. வீட்டருகே ஏரிக்கரையில் சாய்ந்தவரை ஒரு டீக்கடைக்காரர் டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அந்த நேரத்தில் சுந்தரவல்லி வீட்டில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தை அவள் தன்னுடைய குற்றமாகவே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு ஸ்டென்ட் வைத்த டாக்டர், தினமும் நடக்கச் சொன்னார். பெண்டாட்டி பின்னாலேயே போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது சுந்தரவல்லி தானாக எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டு. அவர் முன்னால் நடக்க, இருபதடி பின்னால் அவள். கைப்பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. கண் அவர் முதுகில். அவர் நின்றால் இவளும் நிற்பாள். இரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் இது நடந்தது. எனக்கு வால் முளைத்திருக்கிறது என்று அவர் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தது அவள் காதிலும் விழுந்தது. மனசு வலித்தது. ஆனாலும் மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத்தான் செய்தாள்.

விவகாரம் ஆரம்பித்தது லேக் மார்க்கெட் டிபன் கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் வம்புக்குக் கேட்கவா வேண்டும். நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் அஷ்வத் புதிதாக வாங்கிய சைக்கிளைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். கோட்டையில் ராணுவ வேலையிலிருக்கும் தினேஷ்குமார், எந்தச் சைக்கிளும் குதிரைக்கு முன்னால் நிற்காது என்றார். ஸ்ரீனிவாசராகவன் இரண்டு பேரையும் கையமர்த்தினார். குதிரைக்கு வேகம் உண்டு, சைக்கிளுக்குச் சிக்கனம் உண்டு, ஆனால் வெயிலில் விடாமல் போய்க்கொண்டே இருப்பதற்கு மனுஷனை விட்டால் ஆள் கிடையாது என்பது அவர் கட்சி. மனுஷனுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், ரோமமும் கிடையாது, சூடு தங்காது. குதிரை அவ்வளவு பெரிய உடம்பை ஆற்றிக்கொள்வதற்குள் திணறிவிடும். இட்லி ஆறிப்போகும் வரை பேசினார்கள். கடைசியில் தமிழ் வருஷப் பிறப்பன்று மைதானத்தைச் சுற்றி மூன்று சுற்று, மொத்தம் பதினைந்து கிலோமீட்டர், மூவரும் போய்ப் பார்த்துவிடுவது, பார்ப்பவர்களுக்குக் கிளம்பும் இடத்தில் சங்கம் பந்தல் போடுவது என்று முடிவாயிற்று.

சுந்தரவல்லி முதலில் ஒரேயடியாக முடியாது என்றாள். மூன்று நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. டாக்டரிடம் போனார்கள். மெதுவாக நடந்தால் தடையில்லை, களைப்பு தெரிந்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் ஸ்ரீனிவாசராகவன் நடைபாதையிலேயே நின்றார்.

"வல்லி, இதை நான் முழுசா நடந்துட்டேன்னா, அப்புறம் நீ என் பின்னாடி வரப்படாது. அன்னிக்கும் நீ பந்தல்லயே உக்காந்திருக்கணும். சரியா?"

அவர் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சரி என்றாள்.

சரி என்றாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் புரட்டினாள். அது வருஷா வருஷம் மயிலாப்பூரிலிருந்து அவள் தங்கை அனுப்புவது. வருஷப் பிறப்பு திங்கட்கிழமை. ஏழரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். நெஞ்சில் கம்பி வைத்த மனுஷன் ராகு காலத்தில் கிளம்புவதா? சங்கச் செயலாளர் ஜெய்ராமுக்குப் போன் போட்டாள். தினேஷ்குமாருக்கு வாடகைக்குக் குதிரை விடும் குதிரைக்காரர் ஏழேகாலுக்கு முன்னால் அதைத் தர மாட்டார், ஆகையால் சீக்கிரம் கிளம்ப வழியில்லை. மாமியின் திருப்திக்காக ஒன்பது மணிக்கு என்று மாற்றினார்கள்.

அன்று ஒன்பது அடித்ததும் மூவரும் கிளம்பினார்கள். சைக்கிள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. குதிரை புல்வெளி ஓரமாகப் பாய்ந்தது. ஸ்ரீனிவாசராகவன் தபால் கொடுக்கப் போகிறவரைப் போல நிதானமாக நடந்து போனார். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஜெய்ராமும் சிரித்துக்கொண்டேதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமி, மெட்ராஸ் காலண்டரைப் பார்த்து நேரத்தை மாத்திட்டேளே. இங்க சூரியன் முன்னாடியே வந்துடறதே. கல்கத்தாக் கணக்குக்கு ராகு காலம் எட்டரைக்கே முடிஞ்சு போச்சு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். சுந்தரவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. கிழக்கே இருக்கிற ஊரில் சூரியன் முன்னால் உதிக்கும். ஆறாம் வகுப்புப் பெண் அதைத் தப்பாக எழுதினால் அவள் சுழித்து மார்க்கைக் குறைப்பாள். பஞ்சாங்கம் என்றதும் அந்தப் பாடம் மூளையிலிருந்து கழன்று போயிருக்கிறது. சித்திரை வெயிலில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று தானே அரை மணி வீணாக வெயிலுக்குள் தள்ளிவிட்டோமே என்று அவர் போன திசையையே பார்த்தாள்.

பத்து மணிக்குச் சேதிகள் வர ஆரம்பித்தன. குதிரை முதல் சுற்றை இருபது நிமிஷத்தில் முடித்தது. இரண்டாவது சுற்றில் வாயோரம் நுரை தள்ளி, நடை தளர்ந்துவிட்டது. குதிரைக்காரர் குறுக்கே வந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த வெயிலில் இனி ஒரு அடி கூடாது என்று தினேஷ்குமாரை இறக்கி விட்டார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற அவரும் கூட நின்றார்.

அஷ்வத் கதை வேறு. இரண்டு சுற்றை அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக முடித்தவனைச் சாலை முனையில் போக்குவரத்துப் போலீஸ் சார்ஜென்ட் நிறுத்தினார். பகலில் அந்தப் பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தடை. ஒன்றரை மணி நேரம் ஓரமாக நிற்க வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதானால் போ என்று விட்டார். அவன் போட்டிருந்ததோ சைக்கிள் மிதியோடு பூட்டிக்கொள்கிற செருப்பு, அதில் நடக்க வராது. செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு தள்ளினான்.

ஸ்ரீனிவாசராகவன் இரண்டாவது சுற்றை முடித்துப் பந்தலைத் தாண்டியபோது மணி பதினொன்று ஐந்து. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்திருந்தது. பந்தல் முழுக்கக் கை தட்டிற்று. அவர் சுந்தரவல்லியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அவளால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. வாக்காவது ஒன்றாவது. கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து பின்னாலேயே நடந்தாள்.

இருபதடி இல்லை, இந்தத் தடவை நூறடி. அவர் கண்ணில் படக் கூடாதே. தண்ணீர் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தார்ச் சாலையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறிற்று. அவள் வெள்ளைச் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். தோள் சரிகிறதா, கை நெஞ்சுக்குப் போகிறதா, அவ்வளவுதான் கவனம்.

அரைச் சுற்று போயிருப்பார்கள். அவர் சட்டென்று நின்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்.

சுந்தரவல்லிக்கு உயிரே போய்விட்டது. ஓட ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் அவர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடிப்பது தெரிந்தது. பிறகு இடது மணிக்கட்டின் மேல் வலது விரல்களை வைத்துக்கொண்டார். ஓ, நாடி பார்க்கிறார். டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. அவளும் பக்கத்திலிருந்த மரத்தின் பின்னால் மறைந்து, அப்படியே வேரின் மேல் உட்கார்ந்தாள். அஷ்வத் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனான். அவர் எழுந்திருக்கவில்லை. ஜெயிக்க இருந்ததைக் கையை விட்டுவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் எழுந்து நடந்தார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷனுக்கு எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாகத் தான் எதைக் காவல் காத்தோம்? வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மைதானத்தின் குறுக்கே புல்லில் நடந்து, அவருக்கு முன்னால் பந்தலுக்கு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அஷ்வத் முதலாவது, ஸ்ரீனிவாசராகவன் பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது. பாதி ஜெயம் சைக்கிளுக்கு, பாதி அவன் வெறுங்காலுக்கு என்று எல்லோரும் கேலி செய்தார்கள். மாமா ஏன் உட்கார்ந்தார் என்று கேட்டதற்குக் கால் பிடித்துக்கொண்டது என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டாக்சியில் அவளே பேச்சை எடுத்தாள். நாளையிலிருந்து அவர் தனியாகவே போய் வரலாம், தான் வரப்போவதில்லை, அவருக்கே தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிகிறது என்றாள். இதைக் கேட்டு அவர் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை வெச்சு சொல்றே?"

அவள் தயங்கினாள். பிறகு ஒப்புக்கொண்டுவிட்டாள். "மரத்தடியில உக்காந்து நாடி பார்த்துண்டேளே."

"நாடியெல்லாம் பார்க்கலை. வாட்ச்சைப் பிடிச்சுண்டு உன்னைத்தான் பார்த்துண்டிருந்தேன். முனையில திரும்பறப்போ பார்த்தேன், உனக்கு அப்படி மூச்சு வாங்கறது, காலை இழுத்துண்டு வரே. கையில தண்ணி கூட இல்லை. திரும்பிப் போன்னு சொன்னாலும் போகமாட்டே. நான் நின்னாத்தானே நீ நிப்பே. கால் மணியாவது உக்காரட்டும்னு இருந்தேன்."

சுந்தரவல்லி தன் காலைப் பார்த்தாள். செருப்பு வார் உரசிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. அது எப்போது நேர்ந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்ப்பாரே என்று கூட நினைக்காமல் அழுதாள்.

"அப்போ நாளைக்கு நானும் வரேன்," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"பின்னாடியா?"

"பக்கத்துல."

"என் வேகத்துக்கு உன்னால ஈடு குடுக்க முடியாது, வல்லி."

"உங்களுக்குத்தான் நிக்கத் தெரியுமே," என்றாள் அவள்.