சொல்தா லெயோனின் அரைமணி நேரம்

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லாட்டரிச் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்க் கடைசி எண்ணைப் பார்ப்பார் லெயோன். ஐந்தில் முடிந்தால் எடுத்துக்கொள்வார். மற்றதையெல்லாம் சீட்டு விற்கும் கபீரின் கையிலேயே திணித்துவிடுவார். “என் மத்ரிக்குல் அஞ்சுல முடியுது தம்பி. சைகோன்ல குண்டு விழுந்தப்ப என்னைக் காப்பாத்துன நம்பரு.” பட்டாளத்தில் கொடுத்த அந்த எண்ணில்தான் லட்சாதிபதி யோகம் ஒளிந்திருக்கிறது என்று சத்தியமாக நம்பினார். இதெல்லாம் போன மாதம் வரை.

தலத்தெருவில் எனக்கு எதிர்வீடு. அறுபத்தெட்டு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர் என்பதால் ஊருக்கே அவர் ‘சொல்தா’. நாலு வாழைப்பழம் வாங்கக் கிளம்பினாலும் கழுத்துப் பித்தான் வரை போட்டாக வேண்டும். மனைவி ஜோசெஃபின் 1975இல் இறந்துபோனார். மகன் சார்ல் பிரான்சில். இந்த ஏழு வருடமாக, மாலை நாலு மணிக்குக் கபீரின் சைக்கிள் வந்து நின்றால்தான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

போன வருடம் ஜோசெஃபினின் தையல் மெஷினை விற்று, ஐந்தில் முடிகிற சீட்டாகப் பார்த்து வாங்கிக் குவித்தார். ஒன்றும் விழவில்லை. விஷயம் சார்லின் காதுக்குப் போயிற்று. சீட்டை விட்டால்தான் பேத்தியை அழைத்து வருவேன் என்று கறாராக எழுதிவிட்டான். “போட்டோவுலதான் பாத்திருக்கேன் சார். அந்தப் புள்ளைய ஒரு தடவ தூக்கிப்புடணும்” என்றார் என்னிடம்.

பாண்டிச்சேரிக்கு, மனநல டாக்டர் ஒருவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். மாத்திரை எதுவும் எழுதவில்லை அவர். “ஆசை வர்ற நேரத்துல தனியா இருக்காதீங்க. அரைமணி யார்கூடயாவது பேசிக்கிட்டிருங்க. நாலு மணிக்கு வீட்டுக்கு யார் வருவாங்க?”

“கபீரு வருவான்.”

“நல்லதாப் போச்சு. அவரையே பக்கத்துல வச்சுக்குங்க.”

“அவந்தாங்க சீட்டு விக்கிறவன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரனான என் பெயர் லெயோன் வாயில் வரவே இல்லையே. திரும்பும்போது பஸ்ஸில், நான் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “ஒங்களுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரவே அஞ்சாயிரும் சார்” என்று முடித்துவிட்டார்.

கடைசியில் கபீரிடமே கேட்டோம். நல்ல மனுஷர், யோசிக்கவில்லை. “சீட்ட வெளிய வச்சுட்டு வர்றேன் சொல்தா ஐயா. ஆனா அரைமணிதான். பஸ் ஸ்டாண்டு யாவாரம் போயிரும்.”

இப்போது சைக்கிளும் சீட்டுப் பலகையும் என் வீட்டு வாசலில் நிற்கின்றன. கபீர் வெறுங்கையோடு எதிர்வீட்டுக்குப் போகிறார். இருபத்தாறு நாளாக லெயோன் ஒரு சீட்டும் வாங்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நானும் போய் உட்கார்ந்தேன். சீட்டுப் பேச்சு இல்லாவிட்டால் அந்த இருவருக்கும் பேச அதிகம் இல்லை, பாவம்.

“ஒங்க ஊரு பூவத்துல மழையா தம்பி?”

“தூறல் போட்டுச்சுங்க.”

நாலரை ஆனதும் கபீர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். லெயோன் விறுவிறுவென்று போய்ச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, எங்கள் கண்ணெதிரிலேயே, பெரிய முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினார்.