இரண்டாவது ஆல்பத்தில் இல்லாத பாட்டு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவதுதான் அவளுக்குச் சோறு போட்டது. பாட்டு எழுதிப் பாடுவது போடவில்லை. ஆனாலும் முதல் ஆல்பம் வந்தபோது ஊரே ஒருமுறை திரும்பிப் பார்த்தது. கரகரத்த குரலுக்காகச் சின்ன வயதில் அண்ணன் வைத்த பட்டப்பெயர் 'தகரம்'. ஆல்பத்தின் அட்டையிலும் அதையே போட்டுக்கொண்டாள்.

அந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு பாட்டு. குடித்துவிட்டு அண்ணன் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லாரும் விளக்கை அணைத்துத் தூங்குவதுபோல் நடிப்பார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தாள். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவன் உள்ளே நுழையும்போதெல்லாம் எவனாவது செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டுவிடுவான். அண்ணன் தங்கையிடம் பேச்சை நிறுத்தினான். கொஞ்ச நாளில் குடியையும் நிறுத்தினான்.

இரண்டாவது ஆல்பத்தில் வீட்டு விஷயமே வேண்டாம் என்று முடிவெடுத்தாள். மழை, ரயில், நிலா என்று எட்டுப் பாட்டுகள். ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"சுருதி சுத்தமாத்தான் இருக்கு. ஆனா வானிலை அறிக்கை கேட்ட மாதிரி இருக்கும்மா."

அவளிடம் இன்னொரு பாட்டு இருந்தது. குடியை விட்ட அண்ணன் சத்தத்தை நிறுத்திவிட்டு டிவி பார்க்கிறான். மகள் இன்னும் முத்தம் கொடுக்கிற சாக்கில் அவன் வாயை மோந்து பார்க்கிறாள். அண்ணி போனில் சொல்லி அழுதது அது. ஒரே மூச்சில் பாடி முடித்தாள். ஒலிப்பதிவுக்காரர் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டார்.

"இதுதாம்மா ஆல்பம்."

முதலில் அண்ணிக்கு அனுப்பினாள். மறுநாள் அண்ணி கடைக்கே வந்துவிட்டாள்.

"பாட்டு நல்லா இருக்குடி. அதான் பயமா இருக்கு."

"அண்ணனை நான் திட்டலையே அண்ணி."

"மனசு விட்டு உன்கிட்ட சொன்னேன். ஊருக்கா சொன்னேன்? அவர் இப்பதான் தலை நிமிந்து வேலைக்குப் போறார். வேண்டாம்டி, உன் கால்ல வேணா விழறேன்."

அன்றைக்கே ஸ்டூடியோவுக்குப் போய் அழிக்கச் சொன்னாள்.

"பைத்தியமா உனக்கு? ஓரமா வச்சிருப்போமே."

"வச்சிருந்தா ஒருநாள் வெளியே விட்டுருவேன் சார். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

எட்டுப் பாட்டுகளோடு வெளிவந்த ஆல்பத்தை ஏனென்று கேட்க ஆளில்லை. முதலாவதைக் கொண்டாடியவர்களே, "சரக்கு தீந்துபோச்சு" என்றார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் மறுபடி குடிக்கத் தொடங்கினான். அதற்கு எந்தப் பாட்டும் காரணமில்லை. அழித்ததை மறுபடி பாடிப் பார்த்தாள். வரிகள் வந்தன. யாருடைய அண்ணனையோ பற்றியது போல் இருந்தது. விட்டுவிட்டாள்.

ஒருநாள் அவன் கடைக்கு வந்தான். எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம். வேறு யாரும் இல்லாததால் அவள்தான் அளவெடுக்க வேண்டியிருந்தது. மூக்கின் மேல் அளவுகோலை வைத்து, அத்தனை பக்கத்தில் அவன் கண்களைப் பார்த்தாள். மூச்சில் வாடை அடித்தது.

"அண்ணா..."

"எப்போ கிடைக்குங்க?" என்றான், யாரோ கடைக்காரியிடம் கேட்பதுபோல.

"வியாழக்கிழமை."

வியாழக்கிழமை அண்ணி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.