இருபத்து மூன்றாம் எதிர்மனுதாரர்

தபால்காரர் நீட்டிய காகிதத்தை அப்பா கையில் வாங்கவே இல்லை. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மஞ்சள் நிறத் தாளைப் பார்த்ததும் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த நிறம் தெரியும்.

கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சி, தன்னால் கடனைக் கட்ட முடியாது, தன்னைத் திவாலானவராக அறிவிக்க வேண்டும் என்று தூத்துக்குடி கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். அவர் பணம் தர வேண்டிய அத்தனை பேரும் அதில் எதிர்மனுதாரர்கள். அப்பா இருபத்து மூன்றாவது.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பத்து ஏக்கர் கரிசல். வானம் பார்த்த பூமி. வத்தலும் பருத்தியும் போட்டால் அப்பா வண்டியில் ஏற்றி அந்த அண்ணாச்சி கடைக்குத்தான் கொண்டுபோவார். விற்ற பணத்தை மொத்தமாக வாங்கி வருவதில்லை. கிணறு வெட்டி மோட்டார் போடுகிற அளவுக்குச் சேரட்டும் என்று மூன்று வருடப் பணத்தைக் கடையிலேயே விட்டு வைத்திருந்தார். சீட்டு இல்லை, பத்திரம் இல்லை. அண்ணாச்சியின் பேரேட்டில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை பொய்த்துப் போயிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. சிறு விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்து சட்டம் வந்த பிறகு, வட்டிக்காரர்கள் நகையை ஈடு வாங்காமல் பணம் தருவதில்லை. பஸ்ஸில் ஏறினால், அடுத்து யார் மஞ்சக் கடுதாசி கொடுக்கப்போகிறார் என்பதுதான் பேச்சு. ஒரு கடை மூடியதும் ஆட்கள் பயந்துபோய் மற்ற கடைகளுக்கு ஓடினார்கள். ஒரே வாரத்தில் எல்லாரும் கேட்டால் எந்தக் கடை தாங்கும்? அண்ணாச்சி கடைக்கும் ஓடினார்கள். அப்பா மட்டும் போகவில்லை.

“அவிய முகத்தைப் பாத்து நான் எப்படிக் கேப்பேன்? நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிற மனுசன்” என்றார்.

மஞ்சள் காகிதம் வந்த பிறகும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுக்குப் போகிறவர் யாரும் உருப்பட்டதில்லை, போனது போகட்டும் என்றார். நான் அப்போது உள்ளூர்ப் பஞ்சாயத்துப் பள்ளியில் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

“நீங்க போகலைன்னா அவிய சொன்னது எல்லாம் சரின்னு ஆயிரும். வக்காலத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“ஏட்டி, பொம்பளப் பிள்ளை கோர்ட்டுப் படி ஏறணுமா?”

“ஏறுதேன். படிதானே.”

தூத்துக்குடியில் ஒரு வக்கீல் கிடைத்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மனுவைப் படித்துவிட்டு, “இதுல குடியிருக்கிற வீடும் கொஞ்சம் சாமானும்தான் சொத்துன்னு போட்டிருக்கு. உங்களுக்கு வேற ஏதாவது தெரியுமா?” என்று கேட்டார்.

எனக்குக் குடோன் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது மிளகாய் நெடியில் தும்மித் தும்மிக் கண் சிவக்க நின்ற இடம். சொன்னேன்.

“அப்ப வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க” என்றார்.

கோவில்பட்டி சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். சர்வே நம்பர் தெரியாது. குடோனின் நான்கு பக்கமும் நடந்து பார்த்து, எந்தப் பக்கம் யார் இடம் என்று விசாரித்து எழுதிக்கொண்டு மறுபடி போனேன். மூன்றாவது முறை போனபோது சான்றிதழ் கிடைத்தது. மனுப் போடுவதற்கு நான்கு மாதம் முன்பு அண்ணாச்சி அந்தக் குடோனைத் தன் மைத்துனருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்திருந்தார்.

வக்கீல் அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “மனுவுக்கு முந்தி ரெண்டு வருசத்துக்குள்ள நடந்த கிரயம். நேர்மையா நடக்கலைன்னா கோர்ட் அதை ரத்துப் பண்ணலாம்.”

பண்ணலாம் என்பதற்கும் பண்ணியதற்கும் நடுவில் மூன்று வருடம் போனது. வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டுப் போனேன். அதற்குள் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா வாங்கிய பயிர்க்கடன் தவணை தாண்டி, ஜப்தி நோட்டீஸும் வந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் அப்பாவிடம், “நீரும் ஒரு மஞ்சக் கடுதாசி கொடுத்திரும். எல்லாரும் அதைத்தானே செய்தாக” என்றாராம். அன்று முதல் அப்பா அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். நான் சங்கத்துக்குப் போய், என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டுவதாக எழுதிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி கூண்டில் ஏறிய நாளில் அப்பாவும் வந்திருந்தார். அண்ணாச்சியின் வேட்டி சட்டை சுத்தமாகத்தான் இருந்தது, ஆள்தான் பாதியாகியிருந்தார். குடோனை ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று எங்கள் வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார். மைத்துனருக்குத் தர வேண்டிய கடனுக்கு ஈடாகக் கொடுத்தேன் என்றார் அண்ணாச்சி முதலில். கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

“எல்லாரும் ஒரே நாளையில வந்து கழுத்தைப் பிடிச்சா நான் எங்கன போவேன்? பிள்ளைகளுக்கு ஏதாவது ஒண்ணு மிஞ்சட்டும்னு நினைச்சேன்.”

அப்பா என் கையைத் தொட்டார். “போதும். போயிருவோமா?” என்றார். எனக்கும் எழுந்து போய்விடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பின்னால் அண்ணாச்சியிடம் பணம் வர வேண்டிய விளாத்திகுளம் பக்கத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. நான் எழவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணாச்சியின் மனைவி என்னை மறித்தார். “என் கையால எத்தனை தடவை சாப்பிட்டிருப்பே. எங்களைத் தெருவுல நிறுத்துதியே, நல்லாருக்கா?”

“சாப்பிட்டதை மறக்கலை, அக்கா. ஆனா எங்க அப்பா மூணு வருசம் வெயில்ல நின்ன பணம் அது” என்றேன். அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அதற்காக வழக்கை விட நான் தயாராக இல்லை.

குடோன் கிரயம் ரத்தானது. அரசு ரிசீவர் ஏலம் போட்டு எல்லாருக்கும் பங்கு பிரித்தார். ரூபாய்க்கு ஆறணா கணக்கில் எங்களுக்கு வந்தது. கிணறு வெட்ட அது காணாது. சங்கக் கடனில் மிச்சமிருந்ததை ஒரே தடவையில் அடைத்தோம். ரசீதை அப்பா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த வருடம் வத்தலைக் கொண்டுபோன கடையில், ரொக்கம் கைக்கு வந்த பிறகுதான் மூட்டையை இறக்க விட்டார்.

அதன் பிறகு ஒரு மதியம், பள்ளிக்கூட வாசலில் முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து நின்றார்கள். வேறொரு கடைக்காரர் அனுப்பிய மஞ்சள் காகிதம் ஒருவர் கையில் இருந்தது.

“டீச்சர், நீங்க வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களாமே. அது எப்படின்னு சொல்லுதீங்களா?”

மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவர்களை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, விண்ணப்பம் எழுத வெள்ளைத்தாள் எடுத்தேன்.