கண் கட்டிக் கிடந்த ஏழு நாள்

சபையாருக்கு முன்னால் எழுந்து நின்று பேச எனக்கு வராது. போதகரம்மா எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் எனக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டது. ராட்டையில் பட்டு நூல் சுற்றும்போது, அறுந்தால் முனை தெரியாது. வேலை கொடுத்தவர், "போதும்மா, வீட்ல குந்து" என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம். பிள்ளை இல்லை. சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது போய்விடும். "ஆண்டவரே, என்னை எதற்கு வைத்திருக்கிறீர்? சொல்லும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும்" என்று அழுதேன்.

வைகாசியில், தறித் தெருவை ஒட்டிய ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் ஆனது. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்தார்கள். ஏழு நாள் அசையக்கூடாது, இருமக்கூடாது. மீறினால் பார்வை போய்விடும். பக்கத்துக் கட்டிலில் முசரவாக்கம் கிராமத்துக் கண்ணம்மாவுக்கும் அதே ஆபரேஷன், அதே கட்டு.

மூன்றாம் நாள் அவள் புலம்பினாள். "மூச்சு முட்டுது. பகலா ராத்திரியான்னே தெரியல. இத்த அவுத்துட்டு ஊருக்குப் போறேன்."

நர்சம்மா அருகில் இல்லை. எப்படியோ என் வாய் திறந்தது.

"அவுக்காதம்மா. பகல்தான். தறி சத்தம் கேக்குது பாரு. அது நின்னா சாப்பாட்டு நேரம்."

"எனக்கின்னா தெரியும் தறி? நான் நாத்து நடறவ. இருமல் வேற வருதுமா."

"நாக்க மேலண்ணத்துல அழுத்திக்கோ. நூல் சுத்தசொல்ல நான் அப்படித்தான் அடக்குவேன். இருமினா பட்டு அறுந்துடும்."

பிறகு, "அடங்கிடுச்சு. பேசிக்கினே இருமா" என்றாள்.

ஏழாம் நாள் வரை பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. கட்டு அவிழ்த்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீதானா? பேச்சுக்கு ஆளு இத்தினியூண்டு இருக்கியே."

அதிலிருந்து வாரம் இருமுறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், கண் கட்டிக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்கிறேன். திரும்பி வந்தால் வீடு அப்படியேதான் இருக்கிறது, யாரும் இல்லை. ஆனால் எதற்கு வைத்திருக்கிறீர் என்று இப்போது கேட்பதில்லை. அவருக்கு ஸ்தோத்திரம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. முதல் இரண்டு நாளும் கண்ணம்மா அழுதது எனக்குக் கேட்டது. கூச்சப்பட்டுச் சும்மா கிடந்தேன். ஆண்டவரிடம் நான் கேட்ட பதில்தான் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தது. நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். ஆனால் என்னைப்போல இரண்டு நாள் சும்மா இருந்துவிடாதீர்கள்.