மற்றவரின் கையெழுத்து

அறுபதுகளில் ஒருநாள், எஞ்சின் பழுதாகி யாழ்ப்பாண ரயில் கிளிநொச்சியில் நின்றுவிட்டது. எனக்கு எதிரே ஒரு நைஜீரியாக்காரர் வீங்கிய முழங்காலைத் தடவியபடி இருந்தார். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு உதைபந்து விளையாடுபவராம், முழங்கால் ஆறும்வரை இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்தவராம். பேப்பரில் விளையாட்டுப் பக்கம் தவறாமல் வாசிக்கும் ஸ்டேசன் மாஸ்டர் ஓடிவந்து, இங்கிலாந்தில் பெரும்புகழோடிருந்த இன்னொரு நைஜீரிய ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி, "நீங்கள்தானே அவர்? ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று இங்கிலீசில் கேட்டார்.

இவர் மறுக்காமல் அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்தார்.

"ஏன் அப்படிச் செய்தனீங்கள்?" என்றேன்.

"நான் அவரில்லை என்று சொன்னால் எல்லாருக்கும் முகம் வாடிவிடுகிறது. சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்."

என் புத்தகத்தை நீட்டினேன். "எனக்கு உங்கட பேரையே எழுதித் தாங்கோ."

பேனையைக் கொஞ்சநேரம் பிடித்திருந்துவிட்டு எழுதினார். கைப்பழக்கம், அதுவும் மற்றவரின் பெயர்தான். எழுதியதைப் பார்த்த பிறகும் அவர் வெட்டி எழுதவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.